ஹம்பர்க் வாங்குநர் ஸ்டாண்ட்பை எல்.சி. தருகிறேன் என்கிறார்: சரி சொல்லலாமா?

ஹப்புத்தளைக் கொழுந்து

எல்லாருக்கும் வணக்கம். ஹப்புத்தளைப் பக்கம் சின்ன பெக்டரி எங்களுடையது. கையால் உருட்டின தேயிலை, கொஞ்சம் சில்வர் டிப்ஸ், அவ்வளவுதான். கொழும்பு ஏலத்துக்கு அனுப்புகிற அளவு கிடையாது, நேரடியாக வெளிநாட்டு வாங்குநருக்குத்தான் போகிறது.

ஹம்பர்க்கில் ஒருவர் சில வருடமாக எங்களிடம் வாங்குகிறார். இதுவரை பாதி முன்பணம், மீதி பி.எல். (கப்பல் கொம்பனி தருகிற சரக்குப் பத்திரம், ஒரிஜினலைக் காட்டினால்தான் சரக்கை எடுக்கலாம்) நகல் அனுப்பியதும். இப்போது மாதம் ஒரு ஷிப்மென்ட், ஒவ்வொன்றும் 18,000 டொலர் அளவில் எடுக்கிறேன் என்கிறார். சந்தோஷம்தான். ஆனால் இனி முன்பணம் இல்லையாம். சரக்கு ஏறின நாளிலிருந்து 60 நாளில் காசு போடுவாராம். அதற்கு ஈடாக 45,000 டொலருக்கு, வருடம் முழுக்க நிற்கிற ஸ்டாண்ட்பை எல்.சி. (லெட்டர் ஒஃப் கிரெடிட், காசு தருவதாக பேங்க் எழுதிக் கொடுக்கிற வாக்குறுதி) ஒன்றை அவருடைய பேங்க் கொடுக்குமாம்.

சாதாரண எல்.சி.யே போடுங்கள் என்று கேட்டுப் பார்த்தேன். மாதாமாதம் ஒன்று திறந்து, திருத்தம் போட்டு, ஒவ்வொன்றுக்கும் சார்ஜ் கட்ட முடியாது என்று எழுதிவிட்டார். எங்கள் பேங்கில் கேட்டால் "ரெண்டும் எல்.சி.தானே மிஸ்" என்கிறார்கள். உண்மையிலேயே ரெண்டும் ஒன்றா? எங்கே எனக்கு அடி விழும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய ட்ரேட் டெஸ்க்

தங்கச்சி, ரெண்டும் ஒன்று என்று சொன்னவர் அந்த மேசைக்குப் புதியவராக இருப்பார். பேங்கின் வாக்குறுதி என்ற மட்டில் ஒன்றுதான். வேலை செய்கிற விதம் நேர் எதிர்.

சாதாரண எல்.சி.யில் ஒவ்வொரு ஷிப்மென்டுக்கும் பேங்க்தான் காசு கொடுக்கிறது. நீங்கள் இன்வொய்ஸ், பி.எல்., ஒரிஜின் சேர்டிபிகேட், பைட்டோ (பயிர்நோய் இல்லை என்ற சான்று) எல்லாம் கொண்டுபோய் நீட்ட வேண்டும். ஒரு எழுத்து பிசகினாலும் டிஸ்கிரப்பன்சி என்று நிறுத்துவார்கள். ஸ்டாண்ட்பையில் பேங்க் ஜாமீன்காரர் மட்டும். வாங்குநர் நேரடியாக உங்களுக்குக் காசு அனுப்பிக்கொண்டே இருக்கும்வரை அந்தக் கடதாசியை யாரும் தொடுவதில்லை. அவர் கட்டாமல் விட்டால் மட்டும், "இந்த இன்வொய்ஸ் இன்ன திகதியில் கட்ட வேண்டியது, இன்னும் கட்டவில்லை" என்று நீங்கள் கையெழுத்து வைத்து ஒரு கூற்று கொடுப்பீர்கள். பேங்க் கட்டும். அமெரிக்காவில் ஒரு காலத்தில் பேங்குகள் கெரன்டி கொடுப்பதற்குச் சட்டம் இடம் கொடுக்கவில்லை, அதனால் எல்.சி.யின் சட்டையை மாட்டி அதே வேலையைச் செய்தார்கள். அப்படி வளர்ந்த சாமான் இது.

உங்கள் கதைக்கு இது பொருந்தும் என்றுதான் நினைக்கிறேன். தெரிந்த வாங்குநர், மாதாமாதம் ஒரே மாதிரிச் சரக்கு, ஜெர்மன் பேங்க். ஆனால் 45,000 என்ற தொகை காணாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜனவரி 1இல் அனுப்பியதற்கு மார்ச் 2இல் காசு வர வேண்டும். அதற்குள் பெப்ரவரிச் சரக்கும் மார்ச் சரக்கும் போய்விட்டன. அவர் கட்டவில்லை என்று உங்களுக்குத் தெரிய வருகிற அன்றைக்கு வெளியில் நிற்பது மூன்று ஷிப்மென்ட், 54,000 டொலர். "அடுத்த கிழமை போட்டுவிடுகிறேன்" என்று அவர் இழுக்க, நீங்களும் முகத்துக்காக நாலாவதையும் அனுப்பினால் 72,000. ஒன்று தொகையைக் கூட்டச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் 60 நாளை 30 ஆக்குங்கள்.

கந்தப்பளை லீக்ஸ்

நான் எதிர்த்துத்தான் பேசுவேன், கோபிக்க வேண்டாம்.

சாதாரண எல்.சி.யில் ஒரிஜினல் பி.எல். பேங்க் கையில் இருக்கும். காசு கட்டினால், அல்லது இன்ன நாளில் கட்டுகிறேன் என்று உண்டியலில் (பில் ஒஃப் எக்ஸ்சேஞ்ச்) கையெழுத்து வைத்தால்தான் வாங்குநருக்குச் சரக்கு. ஸ்டாண்ட்பையில் ஒரிஜினல் நேராக அவருக்குப் போகிறது. சரக்கை எடுப்பார், விற்பார், அப்புறம் "வாசம் குறைவு, ஈரம் கூட, பத்து வீதம் கழித்துக்கொள்கிறேன்" என்பார். நான் மரக்கறிக்காரன், இந்தப் பாட்டைத் தினமும் கேட்கிறேன். அந்த நேரம் நீங்கள் என்ன செய்வீர்கள்? பத்து வீதத்துக்காக ஸ்டாண்ட்பையைக் கொண்டுபோய் நீட்டினால் அன்றோடு அந்த வியாபாரம் முடிந்தது. அவருடைய பேங்க் அவர் கணக்கில் காசைக் கழிக்கும், அவருடைய பெயரும் அந்த பேங்கில் கெடும். ஆகவே நீட்ட மாட்டீர்கள். நீட்ட முடியாத ஆயுதத்தை வைத்துக்கொண்டு 60 நாள் கடன் கொடுக்கிறீர்கள்.

எனக்கு முன்பணம் இல்லாமல் ஒரு பெட்டி நகராது.

நானுஓயா பெட்டி

லீக்ஸ் அண்ணே சொல்வது கடல் வழிச் சரக்குக்குச் சரி. ஆனால் இந்த மாதிரித் தேயிலை எத்தனை கிலோ இருக்கும்? நானூறு, ஐந்நூறு? இதில் பாதி கட்டுநாயக்காவிலிருந்து ஏயாரில்தான் போகும் என்று நினைக்கிறேன். ஏயார்வே பில் (விமானச் சரக்குக் கடதாசி) உடைமைப் பத்திரம் இல்லை. அதில் கன்சைனி (சரக்கைப் பெறுபவர்) என்று யார் பெயர் இருக்கிறதோ அவர் போய் எடுத்துவிடலாம், ஒரிஜினல் கடதாசி தேவையே இல்லை. பேங்க் பெயரில் கன்சைன் செய்தால் தவிர, சாதாரண எல்.சி. போட்டாலும் சரக்கு உங்கள் பிடியில் இருக்காது. ஏயாரில் அனுப்புகிறவருக்கு அந்தப் பக்கத்து நட்டம் அவ்வளவு பெரிதில்லை.

கொழுந்து அக்கா, கடலா ஏயாரா?

ஹப்புத்தளைக் கொழுந்து

சில்வர் டிப்ஸ் ஏயாரில். மற்றது எல்.சி.எல். ஆக (மற்றவர்கள் சரக்கோடு ஒரே கொன்டெய்னரில்) கடலில். சரிபாதி என்று சொல்லலாம்.

லீக்ஸ் அண்ணே, பத்து வீதக் கழிவு பற்றிச் சொன்னது உறைக்கிறது. இதுவரை இவர் அப்படிச் செய்ததில்லை. ஆனால் இதுவரை கடனும் கொடுத்ததில்லையே.

பழைய ட்ரேட் டெஸ்க்

லீக்ஸ் தம்பி சொன்னதில் பாதி உண்மை. பேரம் பேசுகிற சண்டைக்கு ஸ்டாண்ட்பை உதவாது. வாங்குநர் படுத்துவிட்டால், கடையை மூடிவிட்டால், போனை எடுக்காமல் விட்டால் உதவும். தரத்தைப் பற்றிய பேச்சை விற்பனை ஒப்பந்தத்தில் கட்டுங்கள். முறைப்பாடு என்றால் சரக்குக் கிடைத்து இத்தனை நாளுக்குள், அனுப்பு முன் எடுத்த சாம்பிளோடு ஒப்பிட்டு, அதற்குப் பிறகு பேச்சில்லை என்று.

ஆனால் "நீட்ட மாட்டீர்கள்" என்பதை நான் ஏற்கவில்லை. அது இருக்கிறது என்பதே அவரைத் திகதிக்குக் கட்ட வைக்கும். பேங்கில் பெயர் கெடும் என்று நீங்களே சொன்னீர்களே, அந்தப் பயத்துக்குத்தான் விலை.

இனி வாசகம். டிராஃப்டை அவர் பேங்க் அனுப்பும். கையெழுத்தாகி வந்த பிறகு திருத்துவது பெரும்பாடு, ஆகவே டிராஃப்டிலேயே சண்டை பிடியுங்கள்.

முதலில் எந்த விதிக்குக் கீழே என்று பாருங்கள். ஐ.எஸ்.பி. 98 என்று இருந்தால் நல்லது. ஸ்டாண்ட்பைக்கென்றே எழுதி, சர்வதேச வர்த்தக சபை 590ஆம் இலக்க வெளியீடாகப் போட்டு, 1999 ஜனவரி 1இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. பல பேங்குகள் பழக்கதோஷத்தில் யு.சி.பி. 600 என்று எழுதிவிடும். அதுவும் ஸ்டாண்ட்பையை ஏற்கும், பிழையில்லை. ஆனால் அது சரக்கு எல்.சி.க்காகத் தைத்த சட்டை, சில இடங்களில் உங்களைக் கடிக்கும்.

ஒரு உதாரணம். யு.சி.பி. 14ஆம் பிரிவின்படி ஒரிஜினல் போக்குவரத்துப் பத்திரம் கேட்கப்பட்டிருந்தால், சரக்கு ஏறி 21 நாளுக்குள் டொகியுமென்ட் கொடுக்க வேண்டும். உங்களுக்கோ 60 நாள் கழித்துத்தான் அவர் கட்டவில்லை என்றே தெரியும். "ஒரிஜினல் பி.எல். இணைக்கவும்" என்று ஒரு வரி இருந்தால் போதும், அந்த ஸ்டாண்ட்பை பிறக்கும்போதே செத்தது. போதாததற்கு ஒரிஜினல் அவரிடம் அல்லவா இருக்கும்! இன்வொய்ஸ் நகல், பி.எல். அல்லது ஏயார்வே பில் நகல், உங்கள் கூற்று. இதற்கு மேல் ஒன்றும் ஏற்காதீர்கள். குறிப்பாக "வாங்குநர் ஒப்பமிட்ட சான்று" என்று எங்காவது நுழைத்திருந்தால் மொத்தத்தையும் திருப்பி அனுப்புங்கள். கட்டாதவனிடம் போய், கட்டவில்லை என்று கையெழுத்து வாங்கவா?

பதுளை வழக்குக்கட்டு

ஐயா சொன்னதோடு இன்னொன்று. முடிவுத் திகதி. டிசம்பர் 31 வரை செல்லும் என்றால் டிசம்பர் ஷிப்மென்ட் வரைக்கும் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். 60 நாள் கடன், 10 நாள் பொறுத்துப் பார்க்கிற அவகாசம், கடதாசி தயார் செய்து கூரியரில் ஹம்பர்க் போய்ச் சேர ஒரு 15 நாள் என்று வையுங்கள். 85 நாள். டிசம்பர் 31இலிருந்து பின்னால் எண்ணினால் ஒக்டோபர் 7. அதற்குப் பிறகு அனுப்புகிற எல்லாம் வெறும் நம்பிக்கையில் போகிற சரக்கு. பெரிய ஓடர் வருவது நத்தாருக்கு முன்னால் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அதனால் தானாகப் புதுப்பிக்கிற வாசகம் கேளுங்கள்: நிறுத்துவதாக இருந்தால் முன்கூட்டியே, குறைந்தது 90 நாளாவது, பேங்க் உங்களுக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். அறிவித்தல் வந்த அன்றே கடனுக்கு அனுப்புவதை நிறுத்துங்கள்.

எங்கே கொடுக்க வேண்டும் என்பதும் முக்கியம். "ஹம்பர்க் கவுண்டரில்" என்று இருக்கும். கடைசி நாளன்று அந்தக் கவுண்டர் ஏதோ காரணத்தால் மூடியிருந்தால் ஐ.எஸ்.பி. 98இல் திரும்பத் திறந்து 30 நாள் வரை தானாக நீளும். யு.சி.பி. 600இன் 36ஆம் பிரிவில் அந்தத் தயவு இல்லை, தடைக்காலத்தில் காலாவதியானது போனதுதான். ஆனால் இங்கே பெரகலையில் மண் சரிந்து ரோட்டு மூடி, உங்கள் கூரியர் நின்றால் எந்த விதியும் காப்பாற்றாது. மூட வேண்டியது பேங்க், நம்ம ரோட்டு இல்லை. ஆகவே கொழும்பு பேங்க் வழியாக ஸ்விஃப்ட் (பேங்குகளுக்கு இடையிலான செய்தி வலை) செய்தியாகக் கோரிக்கை கொடுத்தாலும் ஏற்கும் என்று வாசகத்திலேயே எழுதி வாங்குங்கள்.

ஹட்டன் மெஷின்

நான் மற்றப் பக்கத்து ஆள். கோயம்புத்தூரிலிருந்து தேயிலை மெஷின், உதிரிப்பாகம் இறக்குகிறேன். விற்பவர்கள் இப்போது என்னிடம் ஸ்டாண்ட்பை கேட்கிறார்கள். கொடுப்பவன் நிலைமையைக் கொஞ்சம் கேளுங்கள்.

2022 ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடன் கட்டுவதை நிறுத்துகிறோம் என்று அரசாங்கம் அறிவித்தது ஞாபகம் இருக்கும். அந்த நாட்களில் நம்ம நாட்டு பேங்க் கொடுத்த எல்.சி.யை வெளிநாட்டில் மதிக்கவே யோசித்தார்கள். வேறொரு பேங்க் கொன்ஃபர்ம் பண்ண வேண்டும், அதாவது காசுக்குத் தானும் பொறுப்பு என்று சேர்ந்து நிற்க வேண்டும் என்றார்கள். கொன்ஃபர்ம் பண்ண ஆள் கிடைக்கவில்லை, கிடைத்த இடத்தில் சொன்ன விலை கட்டுப்படியாகவில்லை. எனக்கு ஒரு ரோலர் பாகம் மாதக்கணக்கில் நின்றுபோனது. நான் கட்ட மாட்டேன் என்று அங்கே யாரும் சொல்லவில்லை. என் பேங்குக்கு டொலர் கிடைக்குமா என்பதில்தான் சந்தேகம்.

இன்னொன்று, ஸ்டாண்ட்பை கொடுத்தால் பேங்க் எனக்கு வைத்திருக்கிற கடன் லிமிட்டில் அந்தத் தொகை வருடம் முழுக்கப் பூட்டு. ஒரு சதம் நான் பாவிக்காவிட்டாலும் கொமிஷன் ஓடும். மெஷின் பழுதாக வந்தாலும் விற்பவர் "கட்டவில்லை" என்று ஒரு வரி எழுதினால் பேங்க் கொடுத்துவிடும். என் முறைப்பாட்டைக் கேட்காது.

பதுளை வழக்குக்கட்டு

கேட்காது, அதுதான் அதன் உயிர். பேங்க் கடதாசியை மட்டும் பார்க்கும், பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காது. தப்பிக்க இருக்கிற ஒரே சந்து அப்பட்டமான மோசடி. நியூயோர்க் நீதிமன்றம் 1941இல் தீர்த்த ஸ்டெயின் வழக்கு இதற்கு மூலம். லக்னோவிலிருந்து தூரிகை மயிர் அனுப்புவதாகச் சொல்லி மாட்டு மயிரையும் குப்பையையும் பெட்டியில் அடைத்து அனுப்பினார்கள் என்பது குற்றச்சாட்டு, கடதாசி எல்லாம் சுத்தம். பேங்க் கட்டக் கூடாது என்று வாங்கினவர் போட்ட வழக்கைத் தள்ளுபடி செய்ய நீதிமன்றம் மறுத்தது. அது சாதாரண எல்.சி. வழக்கு, ஆனால் ஸ்டாண்ட்பைக்கும் அதே தத்துவம்தான். ஆனால் "மெஷின் சத்தம் போடுகிறது" என்பதெல்லாம் மோசடி ஆகாது. அதற்குத் தனியாக ஒப்பந்த வழக்குப் போட வேண்டும், கோயம்புத்தூரில் போய்.

கொழுந்து அக்காவுக்கும் இது பொருந்தும். பொய்யாகக் கூற்று எழுதிக் காசு எடுத்தால் பேங்க் கொடுத்துவிடும், ஆனால் வாங்குநர் பிறகு உங்கள் மேல் வருவார்.

ராகலை_99

இடையில் ஒரு கேள்வி. எங்கள் ஊரில் ஒருவர் ஹோட்டல் கட்டுகிறார். ஐரோப்பிய பேங்க் ஒன்றின் ஸ்டாண்ட்பை எல்.சி.யை வருடத்துக்கு லீஸுக்கு எடுத்துத் தருகிறேன், அதை அடகு வைத்துக் கோடிக்கணக்கில் கடன் எடுக்கலாம் என்று ஒரு புரோக்கர் சொல்கிறார். முதலில் ஒரு தொகை கட்ட வேண்டுமாம். எம்.டி. 799 வந்துவிட்டது என்று கடதாசி காட்டினார். உண்மையா?

பழைய ட்ரேட் டெஸ்க்

ஒரு சதம் கட்ட வேண்டாம் என்று இன்றைக்கே போய்ச் சொல்லுங்கள். எம்.டி. 799 என்பது பேங்குக்கும் பேங்குக்கும் நடுவில் போகிற சாதாரணச் செய்தி, அதில் யாரும் யாருக்கும் கடமைப்படுவதில்லை. ஸ்டாண்ட்பை வருவது எம்.டி. 760இல், அதுவும் உங்கள் பேங்கின் கையில், புரோக்கரின் போனில் இல்லை. ஒரு குறிப்பிட்ட கடமைக்காக, பெயர் சொல்லப்பட்ட ஒருவருக்குக் கொடுப்பதுதான் ஸ்டாண்ட்பை. வாடகைக்கு விடுகிற சாமான் இல்லை. இது உலகம் முழுக்க ஓடுகிற பழைய ஏமாற்று. ஹோட்டல் கட்டுகிறவர்களையும் வெளிநாட்டுக் கடன் தேடுகிறவர்களையும்தான் குறிவைப்பார்கள்.

மேலே விட்ட ஒன்றை இங்கே சேர்க்கிறேன். கொழும்பு பேங்க் ஒன்று "அட்வைஸ்" செய்தது என்றால் கடதாசி போலி இல்லை என்று பார்த்துச் சொன்னது, அவ்வளவே. காசுக்குப் பொறுப்பு இல்லை. பொறுப்பு எடுத்தால் அதற்குப் பெயர் கொன்ஃபர்மேஷன், தனி சார்ஜ். நல்ல ஜெர்மன் பேங்க் என்றால் அந்தச் செலவு வீண். நம்ம பேங்கின் தரம் அதைவிடக் கீழே, கீழே உள்ளவர் மேலே உள்ளவருக்கு ஜாமீன் நிற்பதில் என்ன இருக்கிறது?

கந்தப்பளை லீக்ஸ்

ஜெர்மனி என்பதால் இவ்வளவு பேசுகிறீர்கள். நம்ம தேயிலை பெருவாரியாகப் போகிற இடங்களைப் பாருங்கள்: ஈராக், ரஷ்யா, ஈரான், லிபியா. அங்கத்தைய பேங்க் ஸ்டாண்ட்பை கொடுத்தால் எங்கே போய் நீட்டுவது? ஈரானோடு 2021 டிசம்பரில் எண்ணெய்க் கடன் 251 மில்லியன் டொலரைத் தேயிலையாலேயே தீர்ப்பது என்று ஒப்பந்தமே போட வேண்டியதாயிற்று. தடை இருக்கிற நாட்டில் பேங்க் நல்ல பேங்காக இருந்தாலும் காசு வர வழி இல்லை.

பழைய ட்ரேட் டெஸ்க்

அதைத்தான் நானும் சொல்கிறேன் தம்பி. ஸ்டாண்ட்பையின் பெறுமதி கொடுக்கிற பேங்கின் பெறுமதி, அது இருக்கிற நாட்டின் பெறுமதி. அந்த நாடுகளுக்கு என்றால் முன்பணம், அல்லது மூன்றாம் நாட்டு பேங்கின் கொன்ஃபர்மேஷன். ஏற்றுமதிக் கடன் காப்புறுதிக் கூட்டுத்தாபனத்திலும் கேட்டுப் பார்க்கலாம். வாங்குநர் கட்டாமல் விடுவதற்கு அவர்களிடம் காப்புறுதி உண்டு. ஆனால் காப்புறுதியில் உரிமைகோரல், விசாரணை, காத்திருப்பு என்று இருக்கும். ஐ.எஸ்.பி. 98இல் பேங்க் மூன்று வேலை நாளுக்குள் பார்த்தால் நியாயம், ஏழு தாண்டினால் நியாயமில்லை என்று எழுதியே வைத்திருக்கிறது.

நானுஓயா பெட்டி

யாரும் கேட்காத ஒன்று: அந்த 60 நாள் பெக்டரி எதில் ஓடும்? பத்தாந் திகதி சம்பளம் போட வேண்டும், கொழுந்து கொடுத்தவர்களுக்கும் காசு கொடுக்க வேண்டும். சாதாரண எல்.சி. டொகியுமென்டைக் காட்டினால் பேங்க் வட்டம் (டிஸ்கவுண்ட்) பிடித்துக்கொண்டு முன்கூட்டியே காசு தரும், அதற்குப் பழகியிருக்கிறார்கள். ஓப்பன் அக்கவுண்ட் (கடனுக்கு அனுப்பின சரக்கு) இன்வொய்ஸை, பின்னால் ஸ்டாண்ட்பை இருக்கிறது என்று காட்டி வட்டம் கேட்டால் முழிப்பார்கள். சில இடத்தில் தருவார்கள், ஆனால் ஸ்டாண்ட்பையின் வரும்படியை அவர்களுக்கு எழுதிக்கொடுக்கச் சொல்வார்கள். அந்த வட்டியை விலையில் ஏற்றினீர்களா அக்கா?

அத்தோடு ஏற்றுமதிக் காசு 180 நாளுக்குள் நாட்டுக்குள் வர வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. 60 நாள் கடன், அப்புறம் கெஞ்சல், அப்புறம் சண்டை என்று இழுத்தால் அதுவும் கழுத்துக்கு வரும். அந்த வகையில் ஸ்டாண்ட்பை கையில் இருப்பது நல்லது.

ஹப்புத்தளைக் கொழுந்து

எல்லாருக்கும் நன்றி. வட்டியை ஏற்றவில்லை. நேற்றிரவு உட்கார்ந்து ஏற்றிப் பார்த்தேன், கிலோவுக்குக் கூட்ட வேண்டி வருகிறது.

ஹம்பர்க்காருக்கு எழுதியிருக்கிறேன்: 60 நாள்தான் என்றால் 54,000, விலையும் கொஞ்சம் கூட. 30 நாளுக்குச் சம்மதித்தால் 45,000 போதும், பழைய விலை. ரெண்டில் எதுவானாலும் ஐ.எஸ்.பி. 98, நகல் மட்டும், பகுதி பகுதியாகவும் பல தடவையும் எடுக்கலாம், தானாகப் புதுப்பித்தல், 90 நாள் அறிவித்தல், ஸ்விஃப்டில் கோரிக்கை. டிராஃப்ட் பார்க்காமல் ஒரு பெட்டியும் வராது என்றும் எழுதினேன்.

இன்று மதியம் பதில் வந்தது. 30 நாளுக்குச் சரியாம். ஆனால் அவருடைய பேங்க் யு.சி.பி. 600 தவிர வேறு ஒன்றும் எழுதாதாம். அதற்கு விடலாமா ஐயா?

பழைய ட்ரேட் டெஸ்க்

விடலாம். "யு.சி.பி. 600, ஆனால் 14(சி), 32, 36 பிரிவுகள் பொருந்தா" என்று ஒரு வரி போடச் சொல்லுங்கள். விதியில் எதையும் விலக்க அந்த விதியே இடம் கொடுக்கிறது. 32ஐ ஏன் என்றால், குறித்த காலத்துக்குள் குறித்த தவணை என்று எழுதியிருக்க, ஒரு தவணையை எடுக்காமல் விட்டால் மிச்சத் தவணைகளும் போய்விடும் என்கிறது அது. உங்கள் வாங்குநர் ஒழுங்காகக் கட்டுகிற மாதத்தில் நீங்கள் எடுக்கவே மாட்டீர்கள் அல்லவா. டிராஃப்ட் வந்ததும் பெயர்களை மறைத்துவிட்டு இங்கே போடுங்கள், வழக்குக்கட்டும் நானும் பார்க்கிறோம்.

கந்தப்பளை லீக்ஸ்

முதல் ஷிப்மென்ட் மட்டும் முன்பணம் கேளுங்கள் தங்கச்சி. நான் கேட்பேன்.